பக்கத்து பெஞ்சில் இருப்பவர் கேட்கட்டும்

தற்கொலைத் தடுப்புப் பயிற்சி போதகருக்கு மட்டும் போதாது. சபையார் எல்லோருக்கும் வேண்டும்.

1935-ம் ஆண்டு. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் உதவிக் குருவானவராகப் புதிதாகச் சேர்ந்திருந்த சாட் வாரா, தன் முதல் அடக்க ஆராதனையை நடத்தினார். பெட்டிக்குள் இருந்தது 14 வயதுச் சிறுமி. அவளுக்கு மாதவிடாய் தொடங்கியிருந்தது. அது என்னவென்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வெளியில் சொல்லக் கூசும் ஏதோ நோய் தன்னைப் பிடித்துவிட்டதாகப் பயந்து, அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். நம்பிப் பேச ஒருவர் இருந்திருந்தால் சில நிமிடங்களில் விலகியிருக்கக்கூடிய பயம் அது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, லண்டன் செயின்ட் ஸ்டீபன் வால்புருக் ஆலயத்தின் குருவானவராக இருந்த வாரா, சாகும் எண்ணத்தில் இருப்பவர்கள் தன்னை அழைக்கலாம் என்று அறிவித்தார். 1953 நவம்பர் 2-ல் முதல் அழைப்பு வந்தது. பத்திரிகைகள் எழுதின, ஆட்கள் நேரிலும் வரத் தொடங்கினார்கள். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சிலர் தாங்களாகவே முன்வந்தார்கள். அவர்களிடம் பேசி முடித்த பலருக்குக் குருவானவரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போனதை வாரா கவனித்தார். 1954 பிப்ரவரியில், கேட்கும் பொறுப்பு முழுவதையும் அந்தத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு.

ஆலயத்துக்குள் தொடங்கிய இந்த வேலையில் வாரா ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்தார்: அழைப்பவரிடம் மதப் பிரசங்கம் கூடாது. இலங்கையில் 1974-ல் தொடங்கிய சுமித்ரயோவும், சென்னையில் 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகாவும் இதே வழியில் வந்தவை. உலகமே எடுத்துக்கொண்ட இந்தப் பாடத்தை, அது பிறந்த இடமான சபை தன் மக்களுக்குக் கற்றுக்கொடுக்கிறதா?

ஜெபக் குறிப்பில் இருக்கும் எச்சரிக்கை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. பதிவான காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினைகளுக்கு, 31.7 சதவீதம். அடுத்தது நோய், 18.4 சதவீதம்.

இந்த இரண்டும் சபைக்குத் தெரியாத விஷயங்களா? புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் வாசிக்கப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை இவைதானே. "கணவர் குடியை விட வேண்டும்." "மகளின் திருமணத் தடை நீங்க வேண்டும்." "தீராத வயிற்று வலி தீர வேண்டும்." ஒரு வீட்டின் கஷ்டம் மருத்துவருக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவதற்கு முன்பே பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தெரிந்துவிடுகிறது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் கூட்டங்கள் வீடு வீடாகவே நடக்கின்றன. இவ்வளவு நெருக்கத்தில் இருப்பவர்களுக்கு, காதில் விழுவதை எப்படிக் கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்துவிட்டால் எத்தனையோ பேரைக் காப்பாற்றலாம். பயிற்சி வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேட்கலாமா? கேட்க வேண்டும்

இதற்கான பயிற்சிகள் புதியவை அல்ல. கனடாவின் கால்கரி நகரில் 1983-ல் உருவான லிவிங்வொர்க்ஸ், இரண்டு நாள் பயிலரங்கு நடத்துகிறது. ஆலயப் பணியாளர்களுக்கென்றே தனிப் பாடமும் வைத்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பால் க்வின்னெட் 1995-ல் வகுத்த முறை இன்னும் சுருக்கமானது. நேராகக் கேள், உதவிக்கு இணங்க வை, உரியவரிடம் கொண்டு சேர். ஒன்றிரண்டு மணி நேரத்தில் சாதாரண மக்களுக்குக் கற்றுத்தர முடியும்.

இதில் எல்லோரும் தயங்கும் இடம் முதல் படிதான். "கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட மாட்டோமா?" இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அக்கறையோடு நேராகக் கேட்பது, உள்ளே அடைத்து வைத்திருந்தவருக்கு ஆறுதலையே தருகிறது. சுற்றி வளைக்க வேண்டாம். "அக்கா, கொஞ்ச நாளாவே நீங்க நீங்களா இல்ல. இதெல்லாம் தாங்க முடியாம செத்துப்போயிடலாம்னு தோணுதா?" இவ்வளவுதான். கேட்டுவிட்டு அவர் பேசக் காத்திருக்க வேண்டும்.

அடுத்து, செய்யக்கூடாதவை. "விசுவாசம் குறைஞ்சு போச்சு" என்று சொல்லக் கூடாது. "பிள்ளைங்கள நெனச்சுப் பாத்தியா?" என்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. அவர் நான்கு வாக்கியம் பேசுவதற்குள் வசனம் சொல்லி வாயடைக்கக் கூடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யக் கூடாது. ஆபத்து நெருக்கத்தில் இருப்பதாகத் தெரிந்தால் அவரைத் தனியே விடாமல், தீங்கு செய்யக்கூடிய பொருட்களை எட்டாத இடத்துக்கு அப்புறப்படுத்தி, குடும்பத்தில் அவர் நம்பும் ஒருவரோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். மறுவாரம் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். ஜெபிக்கலாம், அவர் விரும்பினால். ஆனால் ஜெபம் மருத்துவருக்குப் பதில் ஆகாது. மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசத்தோடு இரு என்று எந்தப் பிரசங்க மேடையும் சொல்லக் கூடாது.

கத்தோலிக்கக் குருக்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை எக்காரணம் கொண்டும் வெளியிட முடியாது. அப்படியானால் செய்ய ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அங்கேயே அவரை இதமாகப் பேசவைத்து, "வெளியே வந்து என்னிடம் இதையே மறுபடியும் சொல்லுங்கள், சேர்ந்து உதவி தேடுவோம்" என்று வேண்டிக்கொள்ளலாம். இதைச் சொல்லவும் பழகியிருக்க வேண்டும்.

தண்டனையின் பழைய நிழல்

பயிற்சியைத் தடுக்கும் பெரிய சுவர் வெட்கம். அந்தச் சுவரில் திருச்சபையின் கையும் இருக்கிறது. 1662-ன் இங்கிலாந்துப் பொது ஜெபப் புத்தகம், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களுக்கு அடக்க ஆராதனையை விலக்கியது. 1917-ன் கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பும், மனமறிந்து அப்படிச் செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது.

பின்னர் மனம் மாறியது. 1983-ன் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992-ல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், கடும் மனநலப் பாதிப்பும் தாங்க முடியாத வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் சொல்கிறது. தங்கள் சட்டத்தையும் மாற்றக் கோரும் தீர்மானத்தை இங்கிலாந்து திருச்சபையின் பொதுப்பேரவை 2015-ல் நிறைவேற்றியது. ஏட்டில் மாறியது துக்க வீட்டிலும் மாற வேண்டும். "நரகத்துக்குத்தான்" என்று முணுமுணுக்கும் ஒரு குரல், பிள்ளையை இழந்த தாயை மட்டும் காயப்படுத்துவதில்லை. சாகும் எண்ணத்தோடு கூட்டத்தில் நிற்கும் இன்னொருவரின் வாயையும் பூட்டிவிடுகிறது.

சாக நினைத்தவர்களிடம் வேதம் இப்படிப் பேசவில்லை. சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டு உட்கார்ந்த எலியாவை தேவதூதன் கண்டிக்கவில்லை. தூங்க விட்டான், எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடியும் வந்து சாப்பிடச் சொன்னான். எலியாவிடம் கேள்வி கேட்கப்படுவது அதற்குப் பிறகுதான். பிலிப்பி நகரத்துச் சிறைக்காவலன் எல்லாம் முடிந்ததென்று உயிரை விடத் துணிந்தபோது, உள்ளே இருந்த பவுல் உரத்துக் கூப்பிட்டுத் தடுத்தார். நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம் என்றார். நம் சபை சொல்ல வேண்டியதும் அதுதான்.

போதகரும் மனிதர்

கலிபோர்னியாவின் பெரிய சபைகளில் ஒன்றான சேடில்பேக்கை நிறுவிய ரிக் வாரன், பல்லாண்டுகள் மனநோயோடு போராடிய தன் 27 வயது மகனை 2013 ஏப்ரலில் இழந்தார். அடுத்த மார்ச்சில், ஆரஞ்சு கத்தோலிக்க மறைமாவட்டத்தோடும் தேசிய மனநல அமைப்பு ஒன்றோடும் சேர்ந்து, மனநலமும் திருச்சபையும் பற்றி ஒரு பெரிய கூட்டத்தைத் தன் சபை வளாகத்திலேயே நடத்தினார். போதகர் வீட்டுக்குள்ளும் இந்த வேதனை வரும் என்பதை ஒளிக்காமல் சொன்னது, பலருக்கு வாய் திறக்கும் தைரியத்தைக் கொடுத்தது. எல்லோருடைய துக்கத்தையும் தனியாகச் சுமக்கும் நம் ஊர் ஆயர்களுக்கும் பங்குத்தந்தைகளுக்கும், தங்கள் பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். கேட்கும் வேலையைச் சபையாரோடு பகிர்ந்துகொண்டால் அவர்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

இந்த ஆண்டே தொடங்கலாம்

செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். அதை ஒட்டிய ஞாயிறன்று, ஆராதனை முடிந்ததும் அரை நாள் ஒதுக்குங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்தோ, பயிற்சி பெற்ற அமைப்பிலிருந்தோ ஒருவரை அழையுங்கள். ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்கள், வாலிபர் ஐக்கியத் தலைவர்கள், பெண்கள் சங்கத்தார், கோயில்பிள்ளை வரை எல்லோரும் உட்காரட்டும். இரண்டு பேர் இரண்டு பேராக, அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டுப் பழகட்டும். உதவி எண்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தேர்வு முடிவு வரும் வாரத்தில் ஆலயக் கதவைத் திறந்து வையுங்கள். தற்கொலையால் ஒருவரை இழந்த வீட்டுக்கு, நாற்பதாம் நாளுக்குப் பிறகும் போய் வர இரண்டு பேரை நியமியுங்கள்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம், பட்டம் வேண்டாம். ஒரு மனிதர் பிழைப்பதற்கு, அவர் பக்கத்தில் இருப்பவர் பயமில்லாமல் கேட்கப் பழகியிருப்பது உதவும். ஞாயிறுதோறும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் மக்கள் நாம். கற்றுக்கொள்வது நம் கடமை.

*மனம் தாங்க முடியாத நிலையில் இருந்தால், அல்லது அப்படி ஒருவரை அறிந்திருந்தால், உடனே பேசுங்கள். டெலி மானஸ்: 14416. தமிழ்நாடு அரசு மருத்துவ உதவி: 104. சிநேகா, சென்னை: 044-24640050. இலங்கை, தேசிய மனநல உதவி எண்: 1926.*