ஒளி பிடிக்கும் வேலை - 14: மேகம் வரைந்த கேப்டன்

போன வாரம் போலரைசரில் நிறுத்தினோம். தண்ணீரின் பளபளப்பை அது எப்படி வெட்டும் என்பது நினைவிருக்கும். இந்த வாரம் முட்டுக்காடு கழிமுகத்தில் பறக்கும் பறவைகளைப் படம் பிடிப்பது பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் லின்னேயஸ் டிரைப் குறுக்கே வந்துவிட்டார்.

காரணம், முட்டுக்காடு பாலத்தில் காதில் விழுந்த ஒரு பதில். சாயங்கால வெயிலுக்கு எதிரே ஒரு கல்யாண ஜோடியை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்த இளைஞரிடம், "பின்னாடி வானம் வெளுத்துப் போகுதே தம்பி" என்றேன்.

"எடிட்ல வேற வானம் வச்சுக்கலாம்ணே."

அந்த வேலையை 1858-லேயே தமிழ்நாட்டில் ஒருவர் செய்திருக்கிறார்! டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைக் கேப்டன். 1856-ல் மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அலைந்தார். அவருடைய பெரிய நெகட்டிவ்கள் மெழுகேற்றிய காகிதம். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும். கோபுரம் பதியும்வரை காத்திருந்தால் வானம் அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். பச்சை மரங்களோ கரிக்கட்டையாக விழும். டிரைப் நெகட்டிவின் பின்பக்கம் தூரிகையால் வண்ணம் பூசி மேகங்களை வரைந்தார். இலைகளையும் தொட்டு வெளிச்சமாக்கினார்.

அதே மனிதர் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை, நகர்ந்து நகர்ந்து எடுத்த 21 அச்சுகளாக ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக்கினார். தூரமும் உயரமும் கொஞ்சம் பிசகினாலும் கல்வெட்டு வரி அடுத்த தாளோடு சேராது. தூரிகையால் ஆகிற காரியமா அது? 1859-ல் புதிய கவர்னர் ட்ரெவெலியன் ஆடம்பரச் செலவு என்று இந்த வேலையையே நிறுத்திவிட்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

டிரைப் வரைந்தது, அவருடைய காகிதத்தால் பார்க்க முடியாத வானத்தை. தம்பியின் கேமராவுக்கு அந்த வானம் தெரியும். ரா ஃபைலில், எக்ஸ்போஷரை ஓரிரு ஸ்டாப் குறைத்தால் மேகத்தின் விளிம்பு தங்கும். இருண்ட முகங்களை அப்புறம் லைட்ரூமில் ஷேடோ ஸ்லைடரைத் தள்ளி மீட்கலாம், இல்லையென்றால் அங்கேயே ஒரு சின்ன ஃப்ளாஷ் போதும். முழுதாக வெளுத்த இடத்தில் மீட்பதற்கு ஒன்றும் இருக்காது. கடன் வாங்கிய வானத்தைத் தண்ணீரே காட்டிக்கொடுக்கும்: மேலே செக்கச்செவேல், கீழே சாம்பல். ஜரிகையில் ஒளி இடப்பக்கம், ஒட்டிய சூரியன் வலப்பக்கம். எடிட்டிங் எனக்குப் பிடித்த வேலை. அதனால்தான் அதற்கு உருப்படியான ஃபைலைக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறேன்.

கூழைக்கடாவும் நீர்க்காகமும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன. அதுவரை ஷட்டரை 1/2000-ல் வைத்து, வீட்டு வாசலில் பறக்கும் காக்கையை எடுத்துப் பழகுங்கள். இறக்கை நுனி கலங்காமல் விழுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள், அங்கிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)