ஒற்றைக் கரத்தின் நான்கு மணி நேரம்

ஐரோப்பாவில் ஜெர்மனி சரணடைந்து சில தினங்களே ஆகியிருந்த 1945-ஆம் வருஷம் மே மாதத்தில், பர்மாவில் யுத்தம் ஓயாதிருந்த வேளையில், ஐராவதி நதியின் மேற்குக் கரையிலுள்ள டாங்டா என்னுமிடத்தில், எட்டாவது கூர்க்கா ரைபிள் படையின் நான்காவது பட்டாளத்தைச் சேர்ந்த லச்சிமன் குருங் என்ற சாமானியச் சிப்பாய், தம் அணிக்கெல்லாம் முன்னே வெட்டப்பட்டிருந்த பதுங்குகுழியில் காவல் இருந்தார். நேபாளத்து மலைக் கிராமத்தில் பிறந்தவர். ஐந்தடி உயரங்கூட இல்லாதவர்.

மே 12-ஆம் தேதி நள்ளிரவு கடந்து 1 மணி 20 நிமிஷத்துக்கு, குறைந்தது 200 ஜப்பானியர் அவ்விடத்தின்மீது பாய்ந்தனர். குழியின் விளிம்பில் விழுந்த கையெறிகுண்டை எடுத்து அவர்கள்மீதே வீசினார். உள்ளே விழுந்த இரண்டாவதையும் அவ்வாறே எறிந்தார். மூன்றாவது குண்டு அவர் வலக்கையிலேயே வெடித்தது. விரல்கள் சிதறின, புஜம் நொறுங்கியது, முகத்திலும் உடலிலும் வலக்காலிலும் காயம். உடனிருந்த தோழர் இருவரும் படுகாயமுற்றுக் குழியின் அடியில் கிடந்தார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அக்காலத்து லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும், வலப்புறத்துக் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னுக்கிழுத்து, காலிக் குப்பி வெளியே தெறித்ததும் முன்னே தள்ளிக் கீழே அழுத்தினால்தான் அடுத்த தோட்டா ஏறும். வலக்கைக்கென்றே அமைந்த அந்த யந்திரத்தை, வலக்கை சிதைந்த ஒரு மனிதர், இரத்தம் பெருகும் நிலையில், இருளில், இடக்கையொன்றாலேயே நிரப்பி இயக்கி, எதிரிகள் மிக நெருங்கும்வரை ஒவ்வொரு முறையும் காத்திருந்து, நான்கு மணி நேரம் சுட்டார் என்று எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கிறது. விடிந்தபின் சுற்றுப்புறத்தில் 87 சடலங்கள் எண்ணப்பட்டன. அவற்றில் 31 அவருடைய பிரிவின் எதிரிலேயே கிடந்தன. அந்த எண்ணிக்கையைவிட, காயம்பட்ட இரு தோழர்களையும் விட்டு அவர் நகரவில்லை என்பதே என் மனத்தில் நிற்கிறது. அக்குழி வீழ்ந்திருந்தால் பின்சரிவிலிருந்த அணியின் நிலை முழுவதுமே சத்துருவின் வசமாகியிருக்கும்.

1856-இல் ஸ்தாபிக்கப்பட்டு, 1911 முதலே இந்திய சேனையின் சுதேசிச் சிப்பாய்களுக்கும் உரியதாக்கப்பட்ட விக்டோரியா சிலுவை என்னும் வீரப் பதக்கத்தை, இச்செயலுக்காக, 1945 டிசம்பர் 19-ஆம் தேதி டில்லிச் செங்கோட்டையில் வைஸ்ராய் வேவல் பிரபு அவருக்குச் சூட்டினார். அக்காட்சியைக் காண்பதற்காக, வயோதிகத் தந்தையை மலைக் கிராமத்திலிருந்து 11 நாள் சுமந்து வந்தார்கள்.

வலக்கண்ணையும் வலக்கையின் பயனையும் இழந்த அவ்வீரர், படையை விட்டபின் நேபாளத்தில் சிறு நிலத்தைப் பயிரிட்டு வாழ்ந்து, முதுமையில் இங்கிலாந்து சென்று, 2010 டிசம்பர் 12-ஆம் தேதி லண்டனில் தம் 92-ஆவது வயதில் காலமானார்.