மண் மூடினால் பூக்காத செடி

நட்டதும் வேரை மண்ணால் மூடுவது எல்லாத் தோட்டக்காரர்களுக்கும் கைப்பழக்கம். ஐரோப்பியத் தோட்டங்களின் செல்லமான தாடி ஐரிஸ் என்ற பூச்செடிக்கோ அதுவே ஆபத்து. அதன் கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும்.

ஏன்? அந்தக் கிழங்கு உண்மையில் தண்டு; இஞ்சியைப் போலக் கிடைமட்டமாக வளர்வது. மாவுச்சத்தைச் சேமித்து, வறண்ட கோடையைத் தாங்குவதற்கான அமைப்பு அது. ஈரமண் அதை மூடிக்கிடந்தால், காயங்களின் வழியே பாக்டீரியா நுழைந்து, செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கரைத்துவிடும். கிழங்கு கூழாகி நாறும். தழைச்சத்து மிகுந்த உரம் திசுக்களை மென்மையாக்கி இந்த அழுகலுக்கு வழிவிடுகிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. ஒருமுறை பூத்த கிழங்குத் துண்டு மறுபடி பூக்காது! பக்கத்தில் கிளைக்கும் இளந்துண்டுகளே அடுத்த ஆண்டுகளில் பூக்கும். அதனால்தான் 3, 4 ஆண்டுகளில் நடுப்பகுதி வெறும் பழங்கிழங்காகிப் பூ குறைகிறது.

ஐரிஸ் கிழங்குக்கு வேறொரு மதிப்பும் உண்டு. இத்தாலியின் டஸ்கனியில் சிலவகைக் கிழங்குகளைத் தோல் சீவி உலர்த்தி, ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். மெல்ல உருவாகும் ‘ஐரோன்’ என்ற வேதிப்பொருள் வயலட் பூ மணத்தைத் தருகிறது. வாசனைத் திரவியத் தொழிலில் விலையுயர்ந்த சரக்கு அது.

குளிர்ப்பிரதேசத்தில் ஐரிஸ் வளர்ப்பவரானால், இப்படிப் பூ குறையும்போது, பூத்து முடிந்த சில வாரங்களில் புதரைத் தோண்டுங்கள். இளந்துண்டுகளைப் பிரித்து, இலைகளைக் குட்டையாக வெட்டி, நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் விழும் மேட்டில் நடுங்கள்.