முழந்தாளில் தொடங்கிய மருத்துவப் பணி

கிறிஸ்து இயேசுவில் அன்புள்ள உபகாரிகளே,

"வேலையே சரியாயிருக்கிறது சாமி, செபிக்க நேரம் எங்கே?" என்று சிலர் சொல்கிறார்கள். "நாங்கள் செபம் செய்கிறோம், சேவையைக் கன்னியர் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார்கள் வேறு சிலர். செபம், இறை அழைத்தல், சேவை மூன்றும் ஒரே விசுவாசத்தின் செயல்கள் என்பதை விளக்க, மருத்துவர் அருட்சகோதரி மேரி குளோரியின் வரலாற்றைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

1887-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்து, 1910-இல் மெல்போர்னில் மருத்துவப் பட்டம் பெற்றவர் அவர். கண் மருத்துவத்தில் தேர்ந்து, நல்ல நிலையில் இருந்தார். 1915 அக்டோபரில் ஒரு சிறுநூல் அவர் கைக்கு வந்தது. ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரனைப் பற்றியது அது. எழுபதைக் கடந்த வயதில் இராவல்பிண்டிக்கு வந்து, பெண்களுக்கென மருத்துவமனை தோன்றக் காரணமானவர் மெக்லாரன். கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் தங்களைக் காட்டமாட்டார்கள். பிரசவத்தில் தாயும் சேயும் சிகிச்சையின்றி இறந்தார்கள். கன்னியரே மருத்துவராக வேண்டும் என்று அவர் உரோமையிடம் பலமுறை மன்றாடினார். அனுமதி கிடைக்குமுன்பே 1913-இல் இறந்துபோனார்.

அதைப் படித்த மேரி குளோரி முழந்தாளிட்டு இறைவனுக்கு நன்றி சொன்னார். தம் அழைத்தல் இதுவே என்று அவருக்குத் தெளிவாயிற்று. ஆனால் மறுநாளே கப்பலேறவில்லை! முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் செபத்தோடும் ஆன்ம குருவின் ஆலோசனையோடும் காத்திருந்தார். அந்தக் காலத்தை வீணாக்காமல், மகப்பேறு, பெண்கள் நோய், கண் மருத்துவம் ஆகியவற்றில் மேற்படிப்பை 1919-இல் முடித்தார். அழைத்தல் என்றால் ஒருநாள் உணர்ச்சி என்று நினைக்கும் நம் இளையோர் இதைக் கவனிக்க வேண்டும்.

1920-இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு வந்து, இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். இங்கே ஒரு தடை இருந்தது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, துறவியர் தனி அனுமதியின்றி மருத்துவத் தொழில் செய்ய முடியாது. திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவருக்கு அந்த அனுமதியை வழங்கினார். மற்றக் கன்னியருக்குப் பொதுவாக இந்த வழி திறந்தது 1936-இல்தான். மருத்துவர் அன்னா டெங்கல் போன்றோரின் உழைப்பும் அதற்குப் பின்னால் இருந்தது.

குண்டூரில் அவர் நோயாளிகளைப் பார்த்ததோடு நிற்கவில்லை. நம் நாட்டுப் பெண்களுக்கே மருந்து கலக்கவும் பேறுகாலம் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். செபம் மருந்துக்குப் பதில் என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. (நம் வார்டுகளில் அப்படி நினைத்து மாத்திரையை ஒதுக்குகிறவர்களை நான் செல்லமாகக் கண்டிப்பதுண்டு.) நற்கருணையில் வணங்கிய ஆண்டவரை நோயாளியிடம் சந்திக்கப் போகிறோம் என்பதே அவருடைய செபம். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒன்றிணைக்கும் சங்கத்தைத் தொடங்கினார். இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கமாக அது இன்றும் இயங்குகிறது. கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டுமென்ற ஆசையும் அவருக்கு இருந்தது. 1957-இல் புற்றுநோயால் பெங்களூரில் மரித்தார். அதே நகரில் புனித யோவான் மருத்துவக் கல்லூரி 1963-இல் தொடங்கியது. திருச்சபை 2013-இல் அவரை இறை ஊழியராக அறிவித்தது.

அன்பர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கையால் கட்டிலும் கருவியும் வாங்க முடிகிறது. ஆனால் வயதான கன்னியர் ஓய்வுபெறும்போது, அவர்கள் இடத்துக்கு வருகிறவர்கள் குறைவு. இரவு இரண்டு மணிக்குப் பிரசவ அறைக்கு எழுந்து ஓட ஆள் வேண்டும். இதற்காக உங்கள் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணி ஒப்புக்கொடுங்கள். உங்கள் வீட்டில் மருத்துவமோ நர்சிங்கோ படிக்கும் பிள்ளை இருந்தால், இந்த இதழைப் படித்ததும் அவளிடம் கொடுங்கள்.

ஆண்டவரில் தங்கள்,
மருத்துவமனை ஆன்ம குரு