புதிதாக வந்த நாயும் வாரின் மறுமுனையும்

டில்லித் தெருநாய்களைக் குறித்து 2025 ஆகஸ்டு 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில், விருப்பமுள்ளோர் மாநகராட்சிக்கு விண்ணப்பித்து நாயை வளர்ப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. அந்த நாய் மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் காப்பது எடுத்தவர் பொறுப்பு என்றும் அதில் கூறப்பட்டது. முன்னதை மனமுவந்து செய்யும் குடும்பங்கள் நம்மிடையே பல உள. பின்னதுதான் கடினம். நேற்றுவரை ஒரு தெரு முழுவதையும் தன்னுடையதாகக் கொண்டு திரிந்த இளநாய், இன்று மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்கிறது. செருப்பைக் கடிக்கிறது, திரைச்சீலையைக் கிழிக்கிறது, வெளியே அழைத்துச் சென்றாலோ வீட்டுப் பெரியவரையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அடங்காத நாய் என்று பெயர் சூட்டித் திருப்பிக் கொடுக்க எண்ணும் அன்பர்கள் இன்னும் சில வாரங்கள் பொறுக்க வேண்டுகிறோம்.

நாய் இழுப்பது திமிரினால் அன்று. அதன் இயல்பான நடை நம் நடையைவிட விரைவானது. அது இழுக்கிறது, நாமும் பின்னே போகிறோம்; ஆகவே இழுத்தால் காரியம் கைகூடும் என்று கற்றுக்கொள்கிறது. கற்பித்தவர் நாமே. இனி வார் இறுகிய கணமே நின்றுவிட வேண்டும். அதட்டலும் வேண்டா, சுண்டி இழுத்தலும் வேண்டா. நாய் திரும்பிப் பார்த்து, வார் தளர்ந்த பின் நடக்கலாம். தானாகவே நம் காலருகில் நடந்துவருமாயின் வேகவைத்த கோழித்துண்டோ பனீர்த் துணுக்கோ அங்கேயே கொடுத்துவிட வேண்டும். முதல் வாரத்தில் தெருமுனையை அடையக் கால் மணி நேரம் ஆகலாம். ஆகட்டும். ஆனால் காலையில் தாயார் நின்று பழக்க, மாலையில் மகன் இழுத்த வழியெல்லாம் ஓடவிட்டால் அவ்வளவும் வீண்.

ஆறடி நீளமுள்ள சாதாரண வாரே நல்லது. இழுக்க இழுக்க நீளும் சுருள்வார், நாம் மறக்கடிக்க விரும்பும் பாடத்தையே கற்பிக்கும். கழுத்துப்பட்டையை மட்டும் நம்புவதும் ஆபத்து. அஞ்சிய நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். புது வீடும் சுற்றுப்புறமும் இன்னும் பழகாத நாட்களில் ஓடிய நாயைத் திரும்பப் பிடிப்பது அரிது. கடைகளில் ஹார்னெஸ் என்று விற்கும் மார்புப்பட்டையில், முன்புறம் வளையம் உள்ளதைக் கேட்டு வாங்குக. தொலைபேசி எண் பொறித்த தகடும் வேண்டும். தீபாவளி நாட்களில் வெடி தொடங்குமுன் மாலை நடையை முடித்துவிடுதல் நலம்.

மே, ஜூன் மாதங்களில் டில்லி வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. தார்ச்சாலை அதனினும் கொதிக்கும். ஐந்து எண்ணும் வரை புறங்கையைத் தரையில் வைக்க முடியாவிடில் நாயின் பாதமும் பொறுக்காது. விடியற்காலையிலும், இரவில் தரை ஆறிய பின்னருமே நடை.

நடை மட்டும் போதுமோ? பலர் நாயை ஓட ஓட விட்டுக் களைக்கச் செய்ய முயல்வர். அதன் உடல் வலுப்பெற்று, அடுத்த மாதம் இன்னும் அதிக ஓட்டம் கேட்கும்! வேலை தர வேண்டியது மூக்குக்கு. தெருவில் முகர்ந்து தேடி உண்ட பிராணிக்கு, தட்டில் இட்ட உணவு ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகிறது. மீதிப் பொழுதில் அது செருப்பைத் தேடுவதில் வியப்பென்ன? உணவில் ஒரு பகுதியைப் பழைய துண்டில் சுருட்டி வையுங்கள். அட்டைப்பெட்டியில் கசக்கிய காகிதங்களுக்கிடையே ஒளித்து வையுங்கள். கோடையில் தாளிக்காத, உப்பிடாத தயிர்சாதம் சிறிது கிண்ணத்தில் உறையவைத்துக் கொடுத்தால் நெடுநேரம் நக்கிக்கொண்டிருக்கும். சாம்பார் சாதம் கூடாது. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்து உலர்ந்த திராட்சையோ சிறுநீரகத்தையே கெடுக்க வல்லது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும். நடையின்போது கம்பத்தடியில் முகர்ந்து நிற்கிறதே என்று சலித்து இழுக்காதீர்கள். அந்த இரண்டு நிமிடம் அதன் மனத்தை அமைதிப்படுத்தும்.

வெறிநோய்த் தடுப்பூசியைக் காலந்தவறாமல் போட்டு, மாநகராட்சியில் நாயைப் பதிவு செய்துவிடுக. 1957-ஆம் ஆண்டின் டில்லி மாநகராட்சிச் சட்டம் நாய்ப்பதிவுக்கு இடம் செய்துள்ளது. புறப்படும்போது வாருடன் பழைய செய்தித்தாள் இரண்டும் கையில் இருக்கட்டும். பூங்காக்களில் நாய் வளர்ப்போருக்கும் மற்றவர்க்கும் மூளும் சண்டைகளில் பல அள்ளாமல் விட்ட கழிவினால் வந்தவையே.