ரேஸ் கார் இன்ஜினோடு வந்த குட்டி கூபே... ரசிகர்களுக்குக் கிடைத்தது என்ன?

2015 நியூயார்க் ஆட்டோ ஷோ. சுபாரு அரங்கில் நீல நிறத்தில் மின்னியது ‘பிஆர்இசட் எஸ்டிஐ பெர்ஃபாமன்ஸ் கான்செப்ட்’. பின்னால் பெரிய விங். பானெட்டுக்குள் ஜப்பானின் ‘சூப்பர் ஜிடி’ பந்தயத்தில் ஓடும் பிஆர்இசட் காரின் இஜே20 இன்ஜின்!

ரசிகர்கள் ஏன் எதிர்பார்த்தார்கள்? டொயோட்டாவுடன் சேர்ந்து சுபாரு உருவாக்கிய இந்த 2 டோர் கார், வளைவுகளில் வளைந்து நெளிந்து ஓடுவதில் கில்லி. ஆனால், 2.0 லிட்டர் இன்ஜினின் 200 ஹெச்பி பவர் போதாது, டர்போ வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் ஆசை.

2017-ல் ‘பிஆர்இசட் டிஎஸ்’ அறிமுகமானது. அமெரிக்காவுக்கு 500 கார்கள் மட்டுமே. கார்பன் ஃபைபர் விங், பிரெம்போ பிரேக், எஸ்டிஐ சஸ்பென்ஷன் எல்லாம் இருந்தன. டர்போ மட்டும் இல்லை! பவர் 205 ஹெச்பி. சாதாரண மேனுவல் மாடலிலும் அதேதான்.

குறைந்த எடையும், தரையை ஒட்டித் தாழ்வாக அமைந்த இன்ஜினும்தான் இந்த காரின் பலம். டர்போ சேர்த்தால் எடை கூடும், சூடு கூடும், விலையும் ஏறும்.

அடுத்த தலைமுறை பிஆர்இசட்டில் 2.4 லிட்டர் இன்ஜின், 228 ஹெச்பி பவர். அதிலும் டர்போ கிடையாது. ரேஸ் டிராக்கிலோ, 2021-ல் ஜிடி300 பிரிவின் சாம்பியன் பட்டத்தை பிஆர்இசட் தட்டிச் சென்றது... டர்போ இன்ஜினோடு!