எந்த முகம் முகப்புக்கு?
பொப்பிசைச் சஞ்சிகை செய்யும் எமது பிள்ளைகளும் பெற்றோரின் கேள்வியும்

மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்று வாசல்களுக்கு அப்பாலும் கல்வி உண்டு என்பதை எமது சமூகம் மெல்ல மெல்லவே ஏற்றுக்கொண்டு வருகிறது. பிரித்தானியாவில் பயிலும் எமது பிள்ளைகளுள் சிலர் ஊடகக் கற்கையை ஒரு பாடமாக எடுக்கின்றனர். வரவேற்பறைச் சுவரில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டு, மேசைவிளக்கை இழுத்து வைத்து, தோழியின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து நூற்றைம்பது படம் எடுக்கும் மகளைப் பார்த்து, “இதுவும் ஒரு படிப்பா?” என்று கேட்கும் பெற்றோரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். கேள்வி நியாயமானது. அதற்குரிய விடையை இங்கு சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

அந்தப் பிள்ளை செய்துகொண்டிருப்பது ஒரு பரீட்சைப் பணி. 2008 ஆம் ஆண்டு அறிமுகமாகிப் பல ஆண்டுகள் நடைமுறையிலிருந்த ஓ.சி.ஆர். பரீட்சைச் சபையின் ஏ.எஸ். பாடத்திட்டத்தில், புதியதோர் இசைச் சஞ்சிகையின் முகப்பையும், உள்ளடக்கப் பக்கத்தையும், எதிரெதிரே அமையும் இரட்டைப் பக்கக் கட்டுரை ஒன்றையும் மாணவர் ஆக்கவேண்டும் என்பது அச்சுத்துறைக்கான பணியாக இருந்தது. மொத்தம் 100 புள்ளிகள். ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, ஆக்கத்துக்கு 60, தன் ஆக்கத்தைத் தானே மதிப்பிடுவதற்கு 20. ஒவ்வொரு மாணவரும் குறைந்தது நான்கு படங்களைப் பயன்படுத்தவேண்டும். அவை அனைத்தும் தாமே எடுத்தவையாக இருக்கவேண்டும் என்பதும் நிபந்தனை. பிறரது படத்தை எடுத்து ஒட்டுவதற்கு இடமில்லை. 2017 இல் பாடத்திட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டன. பணிகளும் இப்போது ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. எனினும் சஞ்சிகை ஆக்கம் மாணவருக்குரிய தெரிவுகளுள் ஒன்றாகத் தொடர்ந்து இருந்து வருகிறது.

இசை வகையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மாணவருக்கு இருந்தமையால், பலர் பதின்ம வயதினருக்கான பொப்பிசையை நாடினர். எழுபதுகளில் ஏ.ஈ.மனோகரனின் பொப்பிசைப் பாடல்களுக்குத் தாளம் போட்ட தலைமுறையினர் இதனைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டியதில்லை.

படங்களால் வளர்ந்த மரபு

பதின்ம வயதினருக்கான சஞ்சிகை ஐரோப்பாவில் நீண்ட மரபுடையது. நாம் அடைக்கலம் புகுந்த நாடுகள் ஒவ்வொன்றிலும் அதற்கோர் அடையாளம் உண்டு. ஜேர்மனியில் ‘பிராவோ’ 1956 இல் தொடங்கியது. நட்சத்திரம் ஒருவரின் ஆளுயரப் படத்தைத் துண்டு துண்டாகப் பல இதழ்களில் வெளியிட்டு, வாசகர் அவற்றைச் சேர்த்துச் சுவரில் ஒட்டும்படி செய்தது அச்சஞ்சிகை. 1959 இல் முதன்முதலாக அவ்வாறு வெளியானவர் நடிகை பிரிஜிற் பார்டோ. பிரான்சில் ‘சலு லே கொப்பேன்’ சஞ்சிகை 1962 இல் தோன்றியது. அதன் படப்பிடிப்பாளர் ஜோன் மாரி பெரியே, 1966 ஏப்ரலில் அந்நாட்டின் இளம் பாடகர்கள் 46 பேரை ஒரே சட்டகத்துள் நிறுத்தி எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. பிரித்தானியாவில் 1978 முதல் 2006 வரை ‘ஸ்மாஷ் ஹிற்ஸ்’ வெளிவந்தது. 1995 இல் தொடங்கிய ‘ரொப் ஒவ் த பொப்ஸ்’ சஞ்சிகையே, 1996 இல் ஸ்பைஸ் கேர்ள்ஸ் குழுவினர் ஐவருக்கும் ஆளுக்கொரு பட்டப்பெயர் சூட்டியது. அப்பெயர்கள் உலகெங்கும் நிலைத்தமைக்கு ஒரு காரணம், அவ்வைவரும் படத்தில் ஐந்து வெவ்வேறு ஆட்களாகத் தோன்றியமையாகும். ஒருவரைப் போலவே மற்றவரும் நின்றிருந்தால் எந்தப் பெயரும் ஒட்டியிருக்காது.

இச்சஞ்சிகைகளை வாங்கிய பிள்ளை முதலில் படத்தைப் பார்த்தது. பின்னரே எழுத்தை வாசித்தது. ஆகவே படத்தைத் தெரிவுசெய்பவரின் கையிலேயே சஞ்சிகையின் உயிர் இருந்தது.

நூற்றைம்பதிலிருந்து நான்கு

படம் எடுப்பது எளிது. இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் எடுக்கலாம். எடுத்தவற்றுள் பெரும்பாலானவற்றைக் கழித்துவிட்டுச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்வதே கல்வி. அக்கழிவு மூன்று படிகளில் நடைபெறுகிறது.

முதலாவது, படத்தின் தரம். கண்கள் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்பதே முதற் கேள்வி. காது தெளிந்து கண் மங்கிய படம் எவ்வளவு அழகாயினும் பயன்படாது. அடுத்தது படத்தின் அளவு. ஏ4 தாளின் முழுப்பக்கத்தை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுத் தரத்தில் நிரப்ப, அகலத்தில் 2480, உயரத்தில் 3508 புள்ளிகள் வேண்டும். தொலைபேசித் திரையில் பளிச்சென்று தெரியும் படம், வாட்ஸ்அப் வழியாக அனுப்பப்பட்டுச் சுருங்கியதாயின், அச்சில் கரைந்த கோலம்போல் ஆகிவிடும்.

இரண்டாவது, இடப்பொருத்தம். முகப்புக்கு வேண்டியது நெடுக்காக அமைந்த படம்: மார்பளவுக்கோ இடுப்பளவுக்கோ நெருங்கி எடுத்தது, வாசகரின் கண்ணை நேரே நோக்குவது. தலைக்கு மேலே சஞ்சிகையின் பெயருக்கு இடம் வேண்டும். கடைத் தட்டில் சஞ்சிகைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கையில் பெரும்பாலும் இடப்புற மூன்றிலொரு பங்கே வெளியே தெரியும். ஆகவே முக்கிய தலைப்புகள் அங்கே வருகின்றன, முகம் அவற்றை மறைக்கலாகாது. இரட்டைப் பக்கத்திற்கோ அகலப் படம் வேண்டும். அதில் முகம் நடு மடிப்பில் விழுந்தால் மூக்கு மடிந்துபோகும். பக்கத்துக்கு வெளியே பார்க்கும் முகம் வாசகரின் பார்வையையும் வெளியே கொண்டுபோய்விடும். கட்டுரையை நோக்கும் முகம் உள்ளே அழைத்துவரும்.

மூன்றாவது, படங்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவு. நான்கு படங்களிலும் அதே பெண் அதே உடையில் அதே புன்னகையோடு நின்றால், அது சஞ்சிகை ஆகாது. பிறந்தநாள் விழா அல்பம் ஆகிவிடும். பொப்பிசைச் சஞ்சிகைக்கு வெளிச்சமும், தெளிந்த நிறங்களும், அசைவும், சிரிப்பும் இயல்பானவை. இருண்ட பின்னணியில் முறைத்துப் பார்க்கும் முகம் றொக் இசைச் சஞ்சிகைக்குப் பொருந்தலாம். இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. சஞ்சிகையின் பெயரைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். இது எந்த இசை, எந்த வயதினருக்கு உரியது என்று படமே சொல்லவேண்டும்.

இங்கு இரண்டு பற்றுகளைத் துறக்கவேண்டியிருக்கிறது. எடுத்தவருக்குத் தாம் மிகவும் சிரமப்பட்ட படத்தின்மீது பற்று; வாசகருக்கோ அந்தச் சிரமம் தெரியாது. படத்தில் நின்றவருக்குத் தாம் அழகாகத் தோன்றும் படத்தின்மீது பற்று; வாசகர் தேடுவதோ உயிரோடு தோன்றும் படத்தை. இவ்விரண்டையும் ஒதுக்கி, முகமறியா வாசகரின் இடத்திலிருந்து பார்க்கப் பதினேழு வயதில் பழகும் பிள்ளை பின்னாளில் எத்தொழிலுக்குச் சென்றாலும் அப்பழக்கம் வீண்போகாது.

நிறத்தின் கதை

எமது பிள்ளைகள் இப்பணியில் சந்திக்கும் இடர் ஒன்றைத் தனியே குறிப்பிடவேண்டும். வெள்ளைச் சுவரின் முன் மாநிறமான ஒருவரை நிறுத்திப் படமெடுத்தால், முகம் பெரும்பாலும் இருண்டுவிடுகிறது. காரணம் முகத்தில் இல்லை. தானியங்கிக் கமரா சட்டகம் முழுவதையும் அளந்து அதனைச் சராசரிச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயல்கிறது. வெள்ளைச் சுவரின் வெளிச்சத்தை அடக்கும்போது முகத்தின் ஒளியும் சேர்ந்து குறைகிறது.

இக்குறைக்கு ஒரு வரலாறும் உண்டு. வண்ணப் படங்களைக் கழுவும் நிலையங்களுக்குக் கொடாக் நிறுவனம் பல்லாண்டுகளாக அனுப்பிவந்த அளவுகோற் படத்தில் இருந்தவர் வெள்ளைத் தோலுடைய பெண். ‘ஷேர்லி அட்டை’ என்று அதனை அழைத்தனர். கருந்தோல் உடையவர்களின் முகம் படத்தில் இருண்டு போவது நெடுங்காலம் பெரிய குறையாகக் கொள்ளப்படவில்லை. கபில நிறங்களின் வேறுபாடு தெரியவில்லை என்று மரத் தளபாட உற்பத்தியாளரும் சொக்கலேற் உற்பத்தியாளரும் முறையிட்ட பின்னரே படச்சுருளில் திருத்தம் வந்ததாக அந்நிறுவனத்தில் பணிபுரிந்தோர் நினைவுகூர்ந்துள்ளனர்.

இன்று பிள்ளைகளிடம் போட்டோஷொப் இருக்கிறது. இருண்ட முகத்தை இரண்டு சொடுக்கில் வெளுக்கச் செய்யலாம், பலர் செய்கின்றனர். அப்போது முகம் வேறொருவருடையதாக ஆகிவிடுகிறது. சரியான வழி, கமராவில் ஒளியளவைக் கூட்டுவது. அல்லது முகத்தின் பக்கமாக ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து ஒளியைத் திருப்புவது. அதுவும் போதாவிட்டால் மீண்டும் எடுப்பது.

இதனோடு மற்றொரு கேள்வியும் வருகிறது. எமது பிள்ளை தன் மைத்துனியையும், சோமாலியத் தோழியையும், ஆங்கிலத் தோழியையும் படமெடுத்துவிட்டு, ஆங்கிலத் தோழியை முகப்பிலும் மற்ற இருவரையும் உள்ளே தபால்தலை அளவிலும் வைத்தால், அதற்குக் காரணம் படத்தின் தரமா, அல்லது ‘நட்சத்திரம் என்றால் இந்த நிறம்’ என்று மனத்தில் ஊறிய எண்ணமா? முகப்பில் இன்னாரை வை என்று நாம் கட்டளையிடத் தேவையில்லை. காரணத்தைக் கேட்டாற் போதும். முன்னர் குறிப்பிட்ட பாடத்திட்டத்தின் மதிப்பீட்டுப் பகுதியிலேயே, உமது ஆக்கம் சமூகக் குழுக்களை எவ்வாறு சித்திரிக்கிறது என்ற கேள்வி இருந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து 1986 இல் இலண்டனுக்கு அகதியாகத் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், கலைக்கல்லூரியில் பயின்று, ‘எம்.ஐ.ஏ.’ என்னும் பெயரில் 2005 இல் தன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். தன் இசைக்குரிய தோற்றத்தைத் தானே வடிவமைத்தவர் அவர். அவருடைய அரசியலோடும் இசையோடும் உடன்படாதோரும், எமது முகம் முகப்புக்கு ஆகாது என்ற எண்ணத்தை அவர் உடைத்தார் என்பதை மறுக்கமாட்டார்கள்.

படத்தில் நிற்பவரின் உரிமை

எமது வாசகர்களுள் பலர் தஞ்சக் கோரிக்கைக்கு விடை வராமற் காத்திருப்பவர்கள். ஊரில் இருக்கும் உறவினருக்கு ஆபத்து வரலாம் என்று அஞ்சுபவர்களும் உளர். ஆகவே இப்பகுதியைக் கவனமாக வாசிக்க வேண்டுகிறோம்.

படத்தில் நிற்கும் தோழியும் ஓர் அகதிக் குடும்பத்துப் பிள்ளையாக இருக்கலாம். அவளிடமும், பதினெட்டு வயது நிரம்பாதவளாயின் பெற்றோரிடமும், படம் எடுக்கும் முன்னரே அனுமதி பெறவேண்டும். எழுத்தில் பெறுவது நன்று. இப்படம் ஆசிரியரின் மேசையோடு நிற்குமா, பரீட்சைச் சபைக்குப் போகுமா, பாடசாலைச் சுவரில் தொங்குமா, அதற்கு அப்பாலும் பரவுமா என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கற்பனைப் பாடகிக்குக் கற்பனைப் பெயரே போதும். வீட்டிலக்கம், தெருப்பெயர், பாடசாலைச் சின்னம் பின்னணியில் விழுந்த படங்களை முதற் கழிவிலேயே ஒதுக்கிவிடவேண்டும். “வேண்டாம்” என்று அவள் பின்னர் சொன்னால், அது எவ்வளவு நல்ல படமாயினும் விட்டுவிடவேண்டும்.

உடை, தோரணை பற்றிப் பெற்றோர் கொள்ளும் அச்சத்துக்கும் இங்கு விடை உண்டு. பதின்ம வயதுச் சஞ்சிகையின் வாசகர்களுள் பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுமியரும் உளர். அவர்களுக்குப் பொருந்தாத தோரணை அந்தச் சஞ்சிகைக்கும் பொருந்தாது. இது ஒழுக்கப் பிரசங்கமன்று. வாசகரை அறிந்து தெரிவுசெய்தல் என்னும் அதே விதிதான்.

தெரிபவரின் ஆசனம்

எமது சமூகம் படங்களுக்கு அஞ்சப் பழகியது. சோதனைச் சாவடிக்கு அஞ்சி அல்பத்திலிருந்து படங்களைக் கிழித்தெறிந்த வீடுகள் உண்டு. அடையாள அட்டையிலும் தஞ்சக் கோவையிலும் ஒட்டப்பட்ட முகத்தைத் தவிர வேறு படமே எஞ்சாத முதியவர்கள் உண்டு. 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் 492 தமிழர் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தபோது, கப்பலின் தளத்தில் நெருக்கி நிற்கும் கூட்டமாகவே உலகப் பத்திரிகைகள் அவர்களைப் பெரிதும் காட்டின. எங்கோ ஒரு மேசையில் இருந்த ஒருவர் அப்படத்தைத் தெரிந்திருப்பார். நாம் படத்தில் இருந்தோம். அந்த மேசையில் இருக்கவில்லை.

அந்த மேசையில் எப்படி அமர்வது என்பதையே எமது பிள்ளைகள் இப்பாடத்தில் பழகுகின்றனர். பொருள் பொப்பிசையாக இருப்பதால் பயிற்சி இலேசானதாகிவிடாது. ஒரு மனிதரை எந்தக் கோணத்தில், எந்த ஒளியில், யாருடைய அனுமதியோடு உலகின் முன் நிறுத்துவது என்று தீர்மானித்து, அத்தீர்மானத்துக்குக் காரணம் கூறும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. இந்தப் பொறுப்பை உணர்ந்தவர்கள் நாளை செய்தி மேசைகளிலும் அமரக்கூடும்.

எனவே பெற்றோருக்கு எமது வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை மகளோ மகனோ கணினித் திரையில் படங்களை வரிசையாக விரித்து வைத்திருக்கும்போது அருகே ஒரு கதிரையைப் போட்டு அமருங்கள். தெரிந்தெடுத்த நான்கை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒதுக்கிய படங்களையும் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் ஏன் ஒதுக்கினாய் என்று கேளுங்கள். பிள்ளையின் விடைகளைக் கேட்டபின், இது படிப்பா இல்லையா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.